பெருசுக்கு ஊற்றிய தண்ணீர்

கரடிக்கொம்பு ஊர் லாரியிலிருந்து பழைய எஞ்சினைக் கழற்றிப் பலா மரத்தடியில் இறக்கிவைத்து எட்டு நாள் கழித்து, புது டீசல் எஞ்சின் பூட்டிய லாரி சௌசௌ மூட்டைகளோடு முதல் நடைக்குக் கிளம்பிய அதே நிமிடம், மரத்தடியில் இரண்டு தேய்ந்த டயர்கள் மேல் உட்கார்ந்திருந்த பழைய எஞ்சினும் ஒரு முறை இருமிவிட்டுத் தன்பாட்டுக்கு ஓட ஆரம்பித்தது. அதற்குப் பெட்ரோல் டாங்க் கிடையாது, பேட்டரி கிடையாது, ரேடியேட்டரைக்கூடப் புதுசுக்கென்று எடுத்தாகிவிட்டது. பக்கத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த டிரைவர் மொக்கைச்சாமியின் மனைவி ஒச்சம்மாள் திரும்பிப் பார்த்தாள், புகை மிளகில் ஏறிவிடப் போகிறதே என்று பாயை நாலு முழம் தள்ளிப் போட்டாள், புகை வரவில்லை என்று தெரிந்ததும் மறுபடி வெயிலுக்கு இழுத்துப் போட்டாள். ஊரில் மற்றவர்களும் அதற்கு மேல் அலட்டிக்கொள்ளவில்லை. எட்டு நாளாக வண்டியில்லாமல் மூட்டைக்குள்ளேயே முளைவிட்ட சௌசௌவைப் பிரித்துப் பொறுக்குகிற வேலை எல்லோருக்கும் தலைக்கு மேல் கிடந்தது.

ஊர் லாரி என்றால் ஊருக்கே சொந்தமான லாரி. கரடிக்கொம்பிலிருந்து கீழே தார் ரோட்டுக்கு ஒன்பது கிலோமீட்டர், அதில் பாதி பாறை, பாதி சரளை, மழைக்காலத்தில் இரண்டும் சேறு, ஜீப்பே மூக்கைத் தேய்த்துக்கொண்டு திரும்பிவிடும் பாதை அது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் அறுபத்திரண்டு வீடும் சேர்ந்து மிலிட்டரி ஏலத்தில் எடுத்த லாரி மட்டும்தான் அதில் போகும், வரும். எந்தச் சண்டைக்குப் போன வண்டி என்று யாரும் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை. பாறையைக் கண்டால் முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து ஏறிக்கொண்டே இருக்கும், ஆனால் பெட்ரோலைக் கண்டால் விடாது. ஊர்க் குடிகாரனாவது அமாவாசைக்கு ஒரு நாள் விட்டுவிடுவான், இது ஒரு நாளும் விட்டதில்லை. கடைசியில் வண்டி குடிப்பதற்கே வெள்ளாமை சரியாகப் போகிறது என்ற நிலை வந்தபோதுதான், டீசல் எஞ்சின் மாற்றுவது என்று ஊர் கூடி முடிவு செய்தது.

மலையடிவாரத்தில் பட்டறை வைத்திருந்த அபுதாகிருக்கு அந்த வேலை வந்தது அப்படித்தான். முப்பத்தைந்து வயது, பதினேழு வருஷம் அடுத்தவன் பட்டறையில் கறுத்துவிட்டு, அப்போதுதான் சொந்தமாகத் தகரம் போட்டிருந்தான். பெயர் சொல்லும்படி ஒரு வேலை விழவேண்டுமே என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவன் முன்னால், ஊர்த் தலைவர் குழந்தைவேலு நாலு பேரோடு வந்து நின்றார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நின்ற வாக்கிலேயே ஒரு மணி நேரம் வேலையைச் சொன்னார். எத்தனை வளைவு, எந்த வளைவில் வண்டி எவ்வளவு சாயும், எங்கே வேலை பார்க்கும்போது அட்டை ஏறும், பலா மரத்தில் எந்தக் கிளையில் குளவி இருக்கிறது என்பதுவரை சொன்னார். அபுதாகிர் வாய்க்குள் சிரித்துக்கொண்டான்.

அது அந்த ஊர் முறை என்று பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. கரடிக்கொம்பில் ஒரு ஆளை வேலைக்குக் கூப்பிடுகிறவர் நேரில் வந்து, நின்று, வேலையில் உள்ள கஷ்டத்தை ஒன்றுவிடாமல் சொல்லவேண்டும். ஏதாவது மறைத்தது தெரிந்தால் வேலைக்கு வந்தவர் பாதியில் உட்கார்ந்துகொள்ளலாம், யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. அதே மாதிரி வேலை முடிந்ததும் கூப்பிட்டவர் ஒரு செம்பு தண்ணீர் மோந்துவந்து, வேலை பார்த்தவர் கையில் தானே ஊற்றவேண்டும். அந்தத் தண்ணீர் விழுந்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. அது விழாதவரை, மழை கொட்டினாலும் ஆள் மண்வெட்டியைக் கீழே வைக்கமாட்டார். கூப்பிட்டவர் மறந்துபோய் வீட்டுக்குப் போய்விட்டதால் ஒருவர் மூன்று நாள் விடாமல் வரப்பு வெட்டி அடுத்த ஊர் எல்லைக்குள் போய்விட்டார் என்று அங்கே சொல்வார்கள், சிரிக்காமல் சொல்வார்கள்.

ஊர்ச் சொத்தை ஊர் பார்க்கத்தான் திறக்கவேண்டும் என்று சொல்லிவிட்டதால் வேலை மேலேயே நடந்தது. விபத்தான ஒரு பஸ்ஸின் நல்ல டீசல் எஞ்சினை அபுதாகிர் தேடிப்பிடித்தான், அதை அந்த லாரியிலேயே ஏற்றி மேலே கொண்டுபோனான், தனக்குப் பதிலாக வருவதைப் பழைய எஞ்சினே மூச்சுவாங்கச் சுமந்து ஏறியது. மூன்று தைல மரக் கழிகளை நட்டு, செயின் பிளாக் மாட்டி, பழையதைத் தூக்கி வெளியே எடுத்தான். பஸ் எஞ்சினின் பின்பக்கமும் மிலிட்டரி கியர் பாக்ஸின் முன்பக்கமும் சேராது. நடுவில் கொடுப்பதற்கு லேத்துப் பட்டறையில் ஒரு தட்டுக் கடைந்து எடுத்துவந்திருந்தான். தாங்கிகளை வெட்டி வெல்டிங் வைத்தான். எல்லாம் சுத்தமான வேலை, குறை சொல்ல முடியாத வேலை, ஒரே ஒரு இடத்தைத் தவிர.

அந்த இடம் ஒரு குழாய். விரல் தடிமன்கூட இல்லாத குழாய், பழைய எஞ்சினிலிருந்து பிரேக்குக்குப் போனது. பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது அந்த உறிஞ்சலைக் கடன் வாங்கித்தான் பிரேக் அந்தக் கனத்த வண்டியைப் பிடிக்கும். டீசல் எஞ்சினில் அந்த உறிஞ்சல் இல்லை, அதற்கென்று தனியாக ஒரு பம்ப் வைக்கவேண்டும். இது அபுதாகிருக்குத் தெரியும். பம்ப் அந்த வாரம் கிடைக்கவில்லை. சௌசௌ முளைத்துக்கொண்டிருந்தது, ஊர் முழுக்கச் சுற்றி நின்று 'ஆச்சா, ஆச்சா' என்று கேட்டுக்கொண்டிருந்தது. குழாயின் வாயில் டியூப் ரப்பரைச் சுற்றி ஒரு போல்ட்டைத் திருகி அடைத்தான். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது பட்டறையில் எல்லோரும் சொல்கிற சொல்தான், அவனும் சொல்லிக்கொண்டான். எஞ்சினை முடுக்கினான், அது சத்தமில்லாமல் பட்டுப்போல ஓடியது. தலைவரோடு கூப்பிட வந்த நாலு பேரில் ஒருவரான டிரைவர் மொக்கைச்சாமி சந்தோஷம் தாங்காமல் ஒரு செம்பு தண்ணீர் மோந்துவந்து நீட்டியபோது, அபுதாகிர் ஒரு நொடி தயங்கினான், பிறகு கையை நீட்டினான்.

முதல் நடையில் அவனும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து இறங்கினான். ஒரு கை கதவுப் பிடியிலேயே இருந்தது. ஆனால் சறுக்கு என்று ஊர் சொல்கிற அந்தச் செங்குத்து இறக்கத்தில் வண்டி பூனைபோல இறங்கியது. பிரேக் வெண்ணெயாகப் பிடித்தது.

"பெரிய கைகாரன்தான் பாய் நீ," என்றார் மொக்கைச்சாமி. "பழசுகூட இம்புட்டுப் பதமா எறங்குனதில்ல."

மிலிட்டரி வண்டிக்குப் பம்ப் தேவையில்லை போலிருக்கிறது என்று அபுதாகிர் முடிவுகட்டினான். தனக்குச் சாதகமான முடிவு என்பதால் அதை மறுபடி யோசித்துப் பார்க்கவில்லை. சாயங்காலம் ஊருக்குத் திரும்பி வந்தபோதுதான், மரத்தடியில் பழைய எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டான். லாரி நின்றதும் அதுவும் நின்றது.

அடுத்த நடைக்கும் அது ஓடியது, அதற்கடுத்த நடைக்கும். ஊர் அதற்குப் பெருசு என்று பெயர் வைத்தது, லாரிக்குள் இருந்ததற்குப் புதுசு என்று பெயர். பெருசின் சூடு வீணாகப் போகிறதே என்று பெண்கள் அதன் தலைமேல் அண்டாவை வைத்துப் பிள்ளைகளுக்கு வெந்நீர் காய்ச்சினார்கள், மழை நாளில் காப்பிக்கொட்டையை அதன் முதுகில் பரப்பிக் காயவைத்தார்கள், இடுப்புப் பிடித்தவர்கள் வந்து அதன்மேல் சாய்ந்து நின்றார்கள், ஒரு கோழி சிலிண்டர் பக்கத்துச் சந்தில் பன்னிரண்டு முட்டையிட்டு அடைகாக்காமலேயே பன்னிரண்டையும் பொரித்தது. ஆயுத பூஜைக்கு இரண்டுக்கும் மாலை போட்டார்கள். பெரிய பூசணி யாருக்கு என்பதில் மட்டும் ஊர் இரண்டாகப் பிரிந்து, கடைசியில் ஒரே பூசணியை நடுவில் உடைத்து ஆளுக்குப் பாதி என்று முடிந்தது.

பெருசு சும்மா ஓடவில்லை, லாரியோடு சேர்ந்து ஓடுகிறது என்பதைக் கண்டுபிடித்தவள் ஒச்சம்மாள். மிளகு புடைத்துக்கொண்டே கேட்டதில், சத்தம் எங்கே ஏறுகிறது, எங்கே தணிகிறது என்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அந்த மலையில் செல்போன் எடுக்காது. லாரி போனால் போனதுதான், வந்தால்தான் தெரியும் என்று நாற்பது வருஷம் இருந்த ஊரில் இப்போது ஒச்சம்மாள் முறத்தைக் கீழே வைக்காமலேயே சொன்னாள். "கோயில்மேடு தாண்டிருச்சு." "சறுக்குல ரெண்டாவது கியரு." "ஆனைப்பள்ளத்துல தண்ணி ஓடுது போல, தயங்குறாரு." சொன்னது சொன்னபடி இருந்தது. மருந்து வாங்கிவரச் சொன்னவர்கள், மகளை எதிர்பார்த்தவர்கள், வாத்தியார் வருவாரா மாட்டாரா என்று தெரியவேண்டிய பிள்ளைகள் எல்லோரும் அவளிடம் வந்து நின்றார்கள். அவள் இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். தினமும் திரும்புகிற வழியில் ஊத்துமேட்டு டீக்கடைப் பக்கம் லாரி முக்கால் மணி நேரம் நின்றது.

"அங்கிட்டு முக்கா மணி நேரம் என்னா சோலி?" என்று அன்று சாயங்காலம் புருஷனைக் கேட்டாள்.

"எஞ்சினு சூடாயிருச்சு, ஆறப் போட்டேன்."

"எஞ்சினு இங்கன என் பக்கத்துலதான் ஒக்காந்திருந்துச்சு. சூடெல்லாம் இல்ல. சீட்டாட்டம்தான?"

மொக்கைச்சாமி பெருசை முறைத்துப் பார்த்தார். அன்றிலிருந்து அவர் டீக்கடையில் டீ மட்டும் குடித்தார், அதையும் அவசரமாகக் குடித்தார்.

இது எல்லாம் ஊருக்கு வேடிக்கை. அபுதாகிருக்கு வயிற்றெரிச்சல். பொறாமை என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும், ஆனால் பொறாமைதான். பட்டறை வாசலில் 'பழைய மிலிட்டரி வண்டிகளுக்குப் புது டீசல் எஞ்சின் பொருத்தித் தரப்படும்' என்று போர்டு எழுதி மாட்டியிருந்தான். அதைப் பார்த்துப் பக்கத்து மலைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் பெருசைத்தான் விசாரித்தார்கள். மேலே போய்ப் பார்த்துவிட்டு, "பழையது இப்படி ஒழைக்குதே, அதப் போயி ஏன் கழட்டுனாங்க?" என்று சொல்லிவிட்டுத் தங்கள் பழைய எஞ்சினோடேயே திரும்பிப் போனார்கள். அவன் எஞ்சின் ஒன்பது கிலோமீட்டர் இரண்டு டன் இழுத்துக்கொண்டு ஏறுகிறது, அதை ஒருத்தரும் பேசவில்லை. மரத்தடியில் சும்மா உறுமிக்கொண்டிருக்கிற ஒரு கிழட்டு இரும்புக்கு மாலை விழுகிறது.

வியாழக்கிழமைதோறும் மேலே போனான், சர்வீஸ் என்று சொல்லிக்கொண்டு. போனவன் லாரியைத் தொடுவதற்கு முன்னால் பெருசிடம்தான் போவான். பிளக்கைக் கழற்றினான், ஓடியது. கார்புரேட்டரைக் கழற்றினான், ஓடியது. ஆயிலை வடித்தான், கொஞ்சம் அதிருப்தியோடு ஓடியது. அன்றைக்குத் தலைவர் குழந்தைவேலு வந்து, "ஏம்ப்பா, வயசானத எதுக்குப் போட்டு நோண்டுற?" என்று கேட்டு, ஆயிலைத் திரும்ப ஊற்றவைத்தார்.

பெருசு ஒரு விஷயத்தில் மட்டும் தொல்லை கொடுத்தது. லாரி ஏறும்போது அது சும்மா முனகும். இறங்கும்போதுதான் கத்தும், உடம்பெல்லாம் சிவக்கச் சூடாகும், உட்கார்ந்த இடத்திலிருந்து பாதைப் பக்கமாக அங்குலம் அங்குலமாக நகரும். மிளகுப் பாய்மேல் ஏறிவிடுகிறதே என்று ஒச்சம்மாள் மாட்டுக்கயிற்றால் அதைப் பலா மரத்தில் கட்டினாள், கயிறு அறுந்தது. பிறகு லோடு கட்டுகிற வடக்கயிற்றால் கட்டினார்கள். லாரி இறங்குகிற நேரமெல்லாம் வடம் விறைத்து நிற்கும், மரத்தின் பட்டையில் அது விழுந்த இடம் நாளுக்கு நாள் பள்ளமாகிக்கொண்டு வந்தது. அபுதாகிர் அந்தப் பள்ளத்தைப் பார்த்திருக்கிறான். விரலால் தடவிக்கூடப் பார்த்திருக்கிறான். தூக்கத்தில் உளறுகிறவன் கையைக் காலை உதறுவதில்லையா, அது மாதிரி என்று நினைத்துக்கொண்டான்.

தை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் அவன் மேலே போனபோது, தலைவர் வீட்டுக் காப்பித் தோட்டத்தில் கிளை கழிக்கிற கவாத்து வேலை முடிந்திருந்தது. ஆட்கள் வரிசையாகக் கையை நீட்ட, தலைவர் செம்பால் ஊற்றிக்கொண்டே போனார். தண்ணீர் விழுந்த கைகள் ஒவ்வொன்றாக அரிவாளைக் கீழே போட்டன. பார்த்துக்கொண்டிருந்த அபுதாகிருக்குச் சட்டென்று விளங்கியது. நாற்பது வருஷம் இந்த ஊருக்கு உழைத்த பெருசுக்கு யாரும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றவில்லை. தூக்கி மரத்தடியில் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். வேலை முடிந்தது என்று அதற்கு யார் சொன்னார்கள்?

அதை ஊரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் தலைவர் யோசிப்பார், ஊரைக் கூட்டுவார், இன்னும் ஓடட்டுமே என்பார்கள். அவன் யாரிடமும் சொல்லவில்லை. மத்தியான வெயிலில், லாரி பதினோரு ஆட்களோடும் மலைவாழைத் தார்களோடும் கிளம்பிக் கோயில்மேட்டைத் தாண்டிய நேரத்தில், ஒச்சம்மாள் வீட்டுக் குடத்திலிருந்து ஒரு செம்பு மோந்துபோய்ப் பெருசின் தலைமேல் ஊற்றினான். "ஒன் வேல முடிஞ்சுது. நிறுத்து," என்றான்.

பெருசு நின்றது. கருவிகள் எதற்கும் நிற்காதது, அந்தத் தண்ணீருக்கு நின்றது. சூட்டில் தண்ணீர் ஆவியாகிப் போகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. அபுதாகிருக்கு உடம்பெல்லாம் லேசானது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னான்.

முறத்தோடு எழுந்து வந்தாள் ஒச்சம்மாள். "நிறுத்திட்டாரா? எங்கன நிறுத்தியிருக்காரு?"

"வண்டி நிக்கலக்கா. பெருசுக்குத்தான் தண்ணி ஊத்தி விட்டுட்டேன். அதுக்கும் வயசாயிருச்சுல்ல."

அவள் பெருசைப் பார்க்கவில்லை, வடத்தைப் பார்த்தாள். விறைத்து நிற்கவேண்டிய வடம் மரத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவில் துணி காயப்போடும் கொடிபோலத் தொங்கியது. "பாய்," என்றாள், "கோயில்மேடு தாண்டுனா அடுத்தது சறுக்கு. இது இங்கன பிடிச்சு இழுக்கிறதுனாலதான வண்டி அங்கன மெதுவா எறங்குது? இப்ப யாரு பிடிக்கிறா?"

விரல் தடிமன் குழாயும், ரப்பரும், தான் திருகிய போல்ட்டும் ஒரே நேரத்தில் அபுதாகிரின் கண்முன் வந்து நின்றன. வெண்ணெயாகப் பிடித்த பிரேக் தன்னுடையது இல்லை. ஒரு நாளும் தன்னுடையதாக இருந்ததில்லை. தான் விட்டுவிட்டு வந்த வேலையை, எட்டு மாதமாக, ஒரு சொல் சொல்லாமல், தான் கழற்றிப்போட்டதே செய்துகொண்டிருந்தது.

ஓடிப்போய்க் கிராங்குக் கம்பியை எடுத்துப் பெருசின் மூக்கில் செருகிச் சுற்றினான். பாறையைச் சுற்றுவதுபோல இருந்தது. "ஓடு, ஓடு" என்று கத்தினான். பெருசு வேலை முடிந்த ஆளின் நிம்மதியோடு உட்கார்ந்திருந்தது.

"அப்படிக் கூப்பிட்டா யாரு வருவா?" ஒச்சம்மாள் கம்பியைப் பிடித்து நிறுத்தினாள். "முறையாக் கூப்பிடு. நின்னு வேலையச் சொல்லு."

"பெருசு, மொக்கைச்சாமி அண்ணனுக்கு ஒரு ஒத்தாசை..."

பெருசு அசையவில்லை. சத்தம் கேட்டுத் தலைவர் வந்தார், கவாத்து ஆட்கள் ஈரக் கையோடு வந்தார்கள், ஊர் முழுக்க வந்து சுற்றி நின்றது, எட்டு மாதத்துக்கு முன்னால் 'ஆச்சா, ஆச்சா' என்று கேட்டுக்கொண்டு நின்ற அதே ஆட்கள்.

"மறைக்காமச் சொல்லு," என்றாள் ஒச்சம்மாள்.

அபுதாகிர் கம்பியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றான். "பெருசு, கேளு. என் எஞ்சினு நல்லா ஏறும். எறங்குறப்ப வண்டியப் பிடிக்காது. ஒங்கிட்ட இருந்து பிரேக்குக்குப் போன குழாய நான்தான் போல்ட்டு வச்சு அடச்சேன். அதுக்குப் பம்பு வைக்கணும். தெரியாமப் பண்ணல, தெரிஞ்சேதான் பண்ணேன். வேல முடியாமலே இந்த ஊரு தண்ணிக்குக் கைய நீட்டுனேன். நீ எனக்காகப் பிடிச்சுக்கிட்டு இருந்தது இப்பத்தான் புரியுது. புரியாமப் போனதுக்குக் காரணம், எம் பேரக் கெடுக்கிறயேன்னு எனக்கு ஒம்மேல பொறாமை. வண்டியில பன்னெண்டு உசுரு இருக்கு, டிரைவரோட சேத்து. வேல கஷ்டம். சறுக்கு மொத்தமும் பிடிக்கணும், ஆனைப்பள்ளம் வரைக்கும் விடக் கூடாது. எத்தன நாளைக்குன்னு கேட்டா, நான் பம்பக் கொண்டாந்து மாட்டுற வரைக்கும். வா."

பெருசு ஓடியது. இருமவில்லை, முனகவில்லை, எடுத்த எடுப்பில் அலறியது, வடம் படாரென்று விறைத்துப் பலா மரத்தை உச்சிவரை உலுக்கியது, இரண்டு பழங்கள் விழுந்து உடைந்தன, டயர்கள் நசுங்கிப் பிதுங்கின, பட்டையைக் கடந்து வடம் மரத்துக்குள் இறங்கியது. அபுதாகிர் போய் வடத்தைப் பிடித்தான். பிடித்து என்ன ஆகப்போகிறது என்று யோசிக்கவில்லை. தலைவர் பிடித்தார், ஈரக் கைகள் எல்லாம் வந்து பிடித்தன, அறுபத்திரண்டு வீட்டு ஆட்களும் மரத்தடியில் குதிகால் ஊன்றி, கண்ணுக்குத் தெரியாத லாரியைப் பின்னால் இழுத்துக்கொண்டு நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு சத்தம் படிப்படியாக இறங்கியது, வடம் தளர்ந்தது, பெருசு மெல்ல உறுமிவிட்டு ஓய்ந்தது.

எல்லோரும் ஒச்சம்மாளைப் பார்த்தார்கள். சத்தம் ஓய்கிறவரை அவள் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஊத்துமேடு," என்றாள். "டீக்கடைல நிறுத்திட்டாரு." அப்படியே மண்ணில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "இருக்கட்டும். எம்புட்டு நேரம் வேணும்னாலும் சீட்டாடட்டும்."

மொக்கைச்சாமி திரும்பிவந்து சொன்னது கொஞ்சம்தான். சறுக்கின் பாதியில் பிரேக் கல்லை மிதிப்பதுபோல ஆகிவிட்டது, வண்டி தன்னிஷ்டத்துக்குப் பாய்ந்தது, எல்லோரும் அவரவர் சாமியைக் கூப்பிட்டார்கள், ஆனைப்பள்ளத்து விளிம்பு தெரிந்தபோது யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி வண்டி தணிந்து, மெல்ல இறங்கி ஊத்துமேடு போய்ச் சேர்ந்தது. அபுதாகிரை யாரும் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கமுடியவில்லை. தலைவர் மட்டும் கேட்டார்.

"பம்பு எப்ப வரும்?"

அவன் அன்றைக்கே ஒன்பது கிலோமீட்டரும் நடந்தே இறங்கினான். அடுத்த வியாழக்கிழமை பம்ப்போடு வந்தான். மாட்டி, குழாயைச் சேர்த்து, போல்ட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒருவரையும் ஏற்றாமல் தானே வண்டியை எடுத்துச் சறுக்கில் ஏழு முறை இறங்கி ஏறினான். மேலே பெருசு ஏழு முறையும் கூடவே ஓடியது, ஆனால் வடம் ஒரு முறைகூட விறைக்கவில்லை என்று ஒச்சம்மாள் வந்து சொன்னாள்.

பிறகு, லாரியின் எஞ்சினை ஓடவிட்டபடியே, பெருசுக்கு முறையாகத் தண்ணீர் ஊற்றினார்கள். யார் ஊற்றுவது என்று ஒரு பேச்சு வந்தது. வேலைக்கு வைத்தது ஊர், அதனால் வீட்டுக்கு ஒரு செம்பு என்று முடிவானது. முதல் செம்பிலேயே அது நின்றுவிட்டது. இருந்தாலும் மிச்சம் அறுபத்தொரு செம்பையும் ஊற்றினார்கள், நாற்பது வருஷத்து எண்ணெயும் கரியும் கரைந்து மிளகுப் பாய்வரைக்கும் ஓடியது. இனி அவர் எங்கே வருகிறார் என்று எனக்குத் தெரியாதே என்று ஒச்சம்மாள் அழுதாள், அழுதுகொண்டே கடைசிச் செம்பை ஊற்றினாள். செம்பின் அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. அபுதாகிர் அதைப் பார்த்தான். அவன் கைகள் தாமாகவே நீண்டன.

ஒச்சம்மாள் செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "பெருசுக்கு ஊத்தியாச்சு," என்றாள். "ஒனக்கு முறையா இன்னும் ஊத்தல, பாய்." கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அவன் கையை மடக்கிக்கொண்டு கீழே இறங்கினான்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஆகிறது. பட்டறை போர்டில் 'பிரேக் பம்ப்புடன்' என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது, வேலையும் நிறைய வருகிறது. வியாழக்கிழமைதோறும் அவன் மேலே போகிறான், குழாயைத் தொட்டுப் பார்க்கிறான், தண்ணீர் கேட்பதில்லை. மற்ற நாட்களில், மத்தியானம் கோயில்மேட்டை லாரி தாண்டுகிற நேரம் வந்தால், அவன் எந்த வண்டிக்கு அடியில் படுத்திருந்தாலும் உள்ளங்கை இரண்டும் சுட ஆரம்பிக்கும். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெளியே வருவான், பட்டறையின் இரும்புத் தூணை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குதிகாலை ஊன்றி, மலையைப் பார்த்து நிற்பான். பல்லைக் கடித்துக்கொள்வான். நெற்றியில் வேர்வை இறங்கும். தூண் அவன் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்துபோயிருக்கிறது. அந்த நேரத்தில் புதிதாக யாராவது வண்டியைக் கொண்டுவந்து, "மெக்கானிக் ஏன் இப்படி நிக்கிறாரு?" என்று கேட்டால், உள்ளே பில் எழுதிக்கொண்டிருக்கிற அவன் மனைவி ஜைனம்பு தலையைத் தூக்காமலே பெஞ்சைக் காட்டுவாள்.

"சறுக்குல இருக்காரு. செத்த ஒக்காருங்க, ஊத்துமேட்டுக்கு வந்ததும் பேசுவாரு."